மூன்று நிமிடம் இருபது செக்கன்

பக்கீர் முகைதீன் மச்சானிடம் பழுது பார்க்க வரும் சாமான் பெட்டியோடு வந்தால், முதலில் உள்ளே கிடக்கும் கடதாசிகளை எடுத்து மேல்தட்டில் வைப்பார். ஸ்குரூ ட்ரைவரை எடுப்பது அதற்குப் பிறகுதான். பாவனைக் குறிப்பு, உத்தரவாதச் சீட்டு, எச்சரிக்கை என்று பத்து மொழிகளில் அச்சடித்த அந்தத் தாள்களில் ஒரு பக்கமாவது அரபியில் இருக்கும். அரபு எழுத்து உள்ள தாளைக் குப்பையில் போடவோ காலில் படவிடவோ எங்கள் ஊரில் யாருக்கும் மனம் வராது. 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்று மட்டும் எழுதியிருந்தாலும் மரியாதை ஒன்றுதான். அந்தத் தாள்களைப் போட்டு வைக்க அவரது கடையில் நான்கு பிஸ்கட் தகரங்கள் இருந்தன. நிரம்பினால் பள்ளிவாசலில் பழைய தாள்களைப் புதைக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

கடை கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில். நின்று கதைக்க ஓர் ஆள், இருந்து கதைக்க ஓர் ஆள், அவ்வளவுதான் இடம். "மௌலவி, நம்மட டீவி எப்படி இரிக்கி?" என்று கேலி பண்ணிக்கொண்டு வருவார்கள். "அது ஓதிக்கிட்டு இரிக்கி, முடிஞ்ச உடனே தாறன்" என்பார் இவர்.

அவர் என் மூத்த சகோதரி, சரீபா ராத்தாவின் கணவர். இறக்காமத்தில் வயல்காரக் குடும்பம். தகப்பனோடு யானைக்குக் காவல் இருந்த இரவுகளில், பரணில் ரேடியோவைக் கழற்றிப் பூட்டிப் பழகியவர். இருபத்தாறு வயதில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழமைப்படி, கல்முனைக்குடியில் ராத்தாவுக்கு எழுதிக் கொடுத்த வீட்டுக்குக் குடிவந்தார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முதல் பத்து வருடம் அதைப் பற்றி எல்லாரும் கேட்டார்கள். பிறகு கேட்கவில்லை.

ரேடியோ, கசட், டீவி, போன் என்று காலம் கொண்டுவந்ததையெல்லாம் அவர் திறந்து பார்த்தார். வைஃபை ரவுட்டர்களும், டீவியோடு பூட்டும் சின்னப் பெட்டிகளும் வந்தபோது அவற்றின் பலகையில் மூன்று கம்பிகளைத் தொட்டுக் கணினியோடு இணைக்கக் கற்றுக்கொண்டார். அப்படி இணைத்தால், கருவி உயிர் பெறும்போது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடும். இடையிடையே யாரோ வெளிநாட்டுக்காரரின் பெயரும் மின்னஞ்சலும் வந்து போகும். எந்தக் கம்பனியின் சாமானைத் திறந்தாலும் அதே வரிகள், அதே பெயர்கள். "வெளியாலதான் வேற வேற முத்திர. எல்லாத்துக்குள்ளயும் ஒரே ஆள்தான் குந்தியிருக்கான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். யாரும் இலவசமாக எடுக்கலாம், பார்க்கலாம், திருத்தலாம் என்று சிலர் எழுதி வெளியில் விட்ட மென்பொருளைத்தான் எல்லாக் கம்பனிக்காரரும் உள்ளே வைத்து விற்கிறார்கள் என்பது அவருக்கு அப்படித்தான் தெரியவந்தது. கேட்பவருக்கு மூல நிரலை, அதாவது எழுதிய வரிகளை அப்படியே, கொடுக்க வேண்டும் என்று அதற்கு ஒரு நிபந்தனை இருப்பதும் பிஸ்கட் தகரத்துத் தாள்களைப் படித்துத்தான் தெரிந்தது. அவரது ஆங்கிலம் சாமான்களின் முதுகில் படித்த ஆங்கிலம். பேச வராது. வாசித்தால் விடமாட்டார்.

ராத்தாவுக்கு முப்பத்தெட்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போயிற்று. பேச்சு போகவில்லை. தன் குரல் தனக்குக் கேட்காததால் தேவைக்கு மேல் சத்தமாகக் கதைப்பாள். நாங்கள் கதைப்பதை உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வாள். அவளுக்கு இல்லாமல் போனவற்றில் அவள் சொல்லிக் கவலைப்பட்டது பள்ளியிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒன்றைத்தான். வாசலில் நின்று, பக்கத்து வீட்டுப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிடுவதைப் பார்த்து, நேரம் வந்துவிட்டது என்று அறிந்துகொள்வாள்.

இரண்டு வருடங்களுக்கு முன், நான் வேலை செய்யும் டோஹாவில் ஒரு கடையில் அந்த மணிக்கூட்டைக் கண்டேன். ஊரின் அகலாங்கு நெட்டாங்கைக் கொடுத்தால் ஐந்து தொழுகை நேரமும் தானே கணக்கிட்டுப் பாங்கு சொல்லும். வைஃபையோடு இணைந்து தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். செக்கனுக்குச் சரி என்று பெட்டியில் எழுதியிருந்தது. காது கேளாதவளுக்குப் பாங்கு மணிக்கூடு அனுப்புகிறோமே என்று வாங்கிய பிறகுதான் உறைத்தது. திருப்பிக் கொடுக்கப் போய்ப் பாதி வழியில் மனம் மாறி, ஊருக்குப் போகும் ஒருவரின் பையில் போட்டு அனுப்பினேன். போய்ச் சேரும் வரை மூன்று நாள் விசாரித்துக்கொண்டிருந்தேன். எதையும் அனுப்பிவிட்டு அப்படித்தான் இருப்பேன்.

மச்சான் அதைத் திறந்தார். ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பியில் ஆளிபோல் வேலை செய்யும் ஒரு சின்ன ரிலேயைப் பூட்டி, குசினி வாசலுக்கு மேல் ஒரு பச்சை விளக்கைத் தொங்கவிட்டார். பாங்கு தொடங்கும் செக்கனில் விளக்கு எரியும், முடிந்ததும் அணையும். முதல் நாள் நண்பகல் லுஹருக்கு அது எரிந்தபோது ராத்தா அரிசி கழுவிக்கொண்டிருந்தாளாம். கையைத் துடைத்துவிட்டு, விளக்கு அணையும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். இதை மச்சான் சொன்னார். அவள் என்னிடம் சொன்னது, "தம்பி, இனி எனக்கு ஒருத்தரையும் பாக்கத் தேவையில்ல" என்பது மட்டும்.

அதற்குப் பிறகு இரண்டு நோன்பு மாதங்கள் வந்தன. நோன்பு காலத்தில் ஆண்கள் பள்ளியில் கஞ்சி குடித்துத்தான் நோன்பு திறப்பார்கள். மச்சானும் போய்விடுவார். வீட்டில் ராத்தா மட்டும். பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்திருப்பாள். எரிந்ததும் குடிப்பாள்.

முதல் நோன்பு மாதத்தில், பத்தாம் நாளோ பதினோராம் நாளோ இருக்கும், வீடியோ அழைப்பில் மூவரும் கதைத்துக்கொண்டிருந்தோம். ராத்தா என்னைப் பார்த்துத்தான் தொடங்கினாள்.

"இஞ்சப் பாரு தம்பி, லைட்டு எரியக்குள்ள அன்னப்பிள்ளட தென்னையில இன்னும் வெயில் கிடக்கு. அவ அந்திவிளக்குக் கொளுத்த முதலே நான் தண்ணி குடிச்சிர்றன். சரியா இது?"

அன்னப்பிள்ளை வேலிக்கு அங்கால் வீட்டுக்காரி, மச்சானை அண்ணன் முறையில் காக்கா என்பார். வெயில் தென்னை உச்சியை விட்டுப் போனதும் சாமிப் படத்துக்கு முன் விளக்கேற்றுவது அவரது வழமை.

மச்சான் அவளுடைய முகத்தைத் தன் பக்கம் திருப்பி, உதடு தெரியச் சொன்னார். "கணக்கு பிழைக்காது புள்ள. பள்ளியில பேணுதலுக்கு ரெண்டு மூணு நிமிஷம் பிந்தித்தான் பாங்கு சொல்ற. மத்த நேரமெல்லாம் சரியாத்தானே வருது? நீ குடி."

மற்ற நேரங்கள் உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தன. ஸுபஹும் லுஹரும் அஸரும் இஷாவும் பள்ளிக் கலண்டரோடு ஒத்துப்போயின. ராத்தா என் முகத்தைப் பார்த்தாள். மணிக்கூட்டை அனுப்பியவன் நான். ஓம் என்று தலையாட்டினேன். அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இரண்டாவது நோன்பு முடிந்து ஐந்து மாதத்தில், ஓகஸ்டில், ராத்தா மௌத்தாகினாள். லுஹர் தொழுது, பாயைச் சுருட்டும்போது சாய்ந்தாளாம். நோய் வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. அன்று அஸருக்குப் பிறகே அடக்கிவிட்டார்கள். நான் கட்டுநாயக்காவில் இறங்கி, வேன் பிடித்து, கல்முனைக்கு வந்து சேர்ந்தபோது அடக்கி முடிந்து பதினாறு மணித்தியாலம். மச்சான் கதிரையில் இருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். ஓம் என்றேன். பயணம் எப்படி என்று கேட்டார். அதற்கும் ஓம் என்றேன். மூன்றாம் நாள் திரும்பிப் போய்விட்டேன். லீவு அவ்வளவுதான். அழுதேனா என்று நினைத்துப் பார்த்தால் நினைவில்லை.

விளக்கை மச்சான் கழற்றவில்லை. ஐந்து நேரமும் அது எரிந்து அணைந்தது. வழமையாக மஃரிபுக்கு, அந்தித் தொழுகைக்கு, அவர் பள்ளியில் நிற்பார் என்பதால், அந்த விளக்கு மஃரிபில் எரிவதை அவர் ஒருநாளும் கண்டிருக்கவில்லை. மௌத்து நடந்து ஏழாவது வாரம் காய்ச்சலில் குசினிப் பக்கத்து வாங்குப் பலகையில் படுத்திருந்தார். ஐந்து ஐம்பத்து நாலுக்கு விளக்கு எரிந்தது. ஜன்னலால் பார்த்தார். அன்னப்பிள்ளையின் தென்னை உச்சி மஞ்சளாக இருந்தது.

அவர் எழும்பி வேலிப் பக்கம் போனார். அன்னப்பிள்ளை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கவில்லையா என்று கேட்டிருக்கிறார்.

"வெயில் போகல்லியே காக்கா. உங்கட மணிக்கூடு என்ட தென்னைய விட உசரமோ?" என்றார் அன்னப்பிள்ளை. பிறகு கூட்டுவதை நிறுத்திவிட்டு, "ராத்தாவும் நோன்பு நாளையில இப்பிடித்தான். நான் விளக்குக் கொளுத்த முதலே குடிச்சிருவா. நான் கையக் காட்டிச் சொன்னன், பொறு எண்டு. அவ உங்கட மணிக்கூட்டக் காட்டினா" என்றார்.

மச்சான் ஆள் சொல்லை அப்படியே எடுக்கிற மனுசன் இல்லை. அடுத்த நாள் மணிக்கூட்டைக் கழற்றி, விளக்கோடும் ஒரு பற்றரியோடும் சாக்கில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாவடிப்பள்ளி வயல்வெளிக்குப் போனார். அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடந்த நேரம். மேற்குப் பக்கம் அடிவானம் வரைக்கும் மறைக்க ஒன்றும் இல்லை. வரம்பில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை, எருமை ஓட்டிப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எருமைகளுக்குப் பாங்கு சொல்லவா வந்தீங்க என்று ஒருவர் கேட்டாராம். ஓம் என்றாராம் இவர். விளக்கு எரிந்தது. சூரியனின் கீழ் விளிம்பு அப்போது நிலத்தைத் தொடக்கூட இல்லை. மேல் விளிம்பு மறைய இன்னும் மூன்று நிமிடத்துக்கு மேல் சென்றது. மூன்று நாள் போனார். மூன்று நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் எனக்கு அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் ஊர் இலக்கம் தெரிந்தால் நெஞ்சு அடிக்கும் எனக்கு. வர வேண்டிய அழைப்பு ஏற்கெனவே வந்து முடிந்துவிட்டது என்பது நினைவு வர ஒரு கணம் எடுக்கும். அதற்குப் பிறகும் அடிக்கும்.

"நளீம், அந்த மணிக்கூடு மஃரிபுக்கு மூணு நிமிஷம் முந்துது."

உத்தரவாதக் காலம் முடிந்திருக்குமே என்றுதான் நான் முதலில் சொன்னேன்.

"அவ அதப் பாத்துத்தான் நோன்பு திறந்தவ" என்றார்.

சூரியன் மறையுமுன் ஒரு மிடறு தண்ணீர் உள்ளே போனாலும் அன்றைய நோன்பு சேராது, திரும்பப் பிடிக்க வேண்டும். இது எங்கள் ஊரில் ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு மாதம். ஐம்பத்தொன்பது நோன்பு. ஒன்றையும் விடாமல் பிடித்தேன் என்று அவள் பெருநாளன்று எனக்குச் சொல்லியிருந்தாள்.

ஆனால் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. மச்சான் அதைப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன். மணிக்கூடு ஜூன் மாதம் இணையத்தால் தன்னைப் புதுப்பித்திருந்தது. உள்ளே பதிப்பு இலக்கம் மாறியிருந்தது. பிழை அந்தப் புதிய பதிப்போடு வந்திருந்தால், நோன்பு காலத்தில் மணிக்கூடு சரியாக இருந்திருக்கும். அன்னப்பிள்ளை நோன்பு நாளில் கண்டதைப் பள்ளியின் பேணுதல் நிமிடங்களுக்குள்ளும் தென்னையின் உயரத்துக்குள்ளும் அடக்கிவிடலாம். பழைய பதிப்பு இப்போது மணிக்கூட்டில் இல்லை. அது எப்படிக் கணக்கிட்டது என்று பார்க்க, அதன் மூல நிரல் வேண்டும்.

அதைத் தருவோம் என்று கம்பனி எழுதியே கொடுத்திருந்தது. அரபுப் பக்கத்தின் புண்ணியத்தில் அந்தத் தாள் மூன்றாவது பிஸ்கட் தகரத்தில் இருந்தது. மச்சான் அதைப் படம் பிடித்து அனுப்பினார். எறும்பளவு எழுத்தில் ஆங்கிலத்தில்: இந்தக் கருவியிலுள்ள மென்பொருளில் ஒரு பகுதி திறந்த மூல உரிமத்தின் கீழ் வந்தது. வாங்கிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் எழுதிக் கேட்கும் எவருக்கும் அதன் மூல நிரல் வழங்கப்படும். அந்த மூன்று வருடம் முடிய இன்னும் காலம் இருந்தது.

முதல் கடிதத்தை மச்சானே எழுதினார். ஐந்து வரி. ஐயா, என்னிடம் உங்கள் மணிக்கூடு உள்ளது, இரண்டு பதிப்பின் மூல நிரலும் வேண்டும், தாளில் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு நான் எழுதினேன். நான் படித்த ஆங்கிலம் முழுவதையும் அதில் செலவழித்தேன். முதலில் தயவாக எழுதி அழித்தேன். உரிமத்தின் பிரிவுகளைக் காட்டி மிரட்டுவதுபோல் எழுதி, அதைக் கண்டு அவர்கள் கதவைச் சாத்திவிடுவார்களோ என்று அதையும் அழித்தேன். கடைசியில் போனது அநேகமாக மச்சானின் ஐந்து வரிதான், உரிமத்தின் பெயர் மட்டும் கூட.

பதில் ஐந்து வாரம் கழித்து வந்தது. மூன்று வரி. தாமதத்துக்கு மன்னிக்கவும், இதற்கு முன் யாரும் கேட்டதில்லை, கீழே இணைப்பு உள்ளது.

மச்சான் நான்கு நாள் கடையைத் திறக்கவில்லை. நானும் இங்கே வேலை முடிந்து அதே கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு அழைப்பில் இருப்பேன். அதிகம் கதைக்கமாட்டோம். அவர் மௌஸைத் தட்டும் சத்தம் கேட்கும். சிலவேளை பின்னால் பள்ளிப் பாங்கு கேட்கும். அதற்குச் சற்று முன்னால் ரிலே 'டக்' என்று விழும்.

நான்காம் நாள் கண்டுபிடித்தார். நேரம் கணக்கிடும் பகுதியைக் கம்பனிக்காரர் எழுதவில்லை. வேறு எந்த நாட்டிலோ யாரோ ஒருவர் எழுதி, எல்லாரும் எடுக்கலாம் என்று விட்டிருந்தார். அதில் சூரிய மறைவுக்கு ஒரு சின்ன எண் இருந்தது. தசம் எட்டு மூன்று மூன்று பாகை. சூரியனின் நடுப்புள்ளி அடிவானத்தைத் தொடும்போது மேல்பாதி இன்னும் வெளியில் இருக்கும். காற்று ஒளியை வளைப்பதால், மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பின்னம். அதை எழுதியவர் பக்கத்திலேயே ஒரு குறிப்பும் வைத்திருந்தார். இந்த எண்ணை விட்டுவிட வேண்டாம், விட்டால் சூரியன் மறையுமுன் மறைந்ததாகக் காட்டும் என்று.

கம்பனிக்காரர் விடவில்லை. எண்ணும் இருந்தது, குறிப்பும் இருந்தது. மலிவான சில்லுக்கு ஏற்ப மாற்றும்போது, முழு எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும் இடத்தில் அதைப் போட்டுவிட்டார்கள்.

"முழுசு மட்டும் நிக்கிற ஏனத்துல தசத்த ஊத்தியிரிக்கான்" என்றார் மச்சான். "ஒண்டும் மிஞ்சல்ல. சைபர்."

வைகறைக்கும் இஷாவுக்கும் உரிய பாகைகள் முழு எண்கள், அவை தப்பின. சூரியன் மறையும் நேரம் மட்டும் குறைந்தது. மூன்று நிமிடம் இருபது செக்கன்.

எந்தப் பதிப்பில் என்று நான் கேட்கவில்லை. இரண்டு கோப்புகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அவர் கீழே கீழே உருட்டுவது தெரிந்தது. புதிய பதிப்பில் மாறியிருந்தவை இலக்கங்களின் நிறமும் பாங்கு சொல்பவரின் குரலும்.

"பழசுலயும் இரிக்கி" என்றார்.

நான் ஓம் என்றேன். அழைப்பை யார் வைத்தது என்று தெரியாது. நான் போய் உடுப்புத் தோய்த்தேன்.

அந்த மணிக்கூடு எங்கள் பக்கத்தில் இன்னும் ஏழெட்டு வீடுகளில் இருக்கிறது. ஆனால் அவர்களெல்லாம் பள்ளிப் பாங்கைக் கேட்டு நோன்பு திறக்கிறவர்கள். அந்தக் கணக்கை மட்டும் நம்பி வாயில் தண்ணீர் வைத்தவள் ஊரிலேயே ஒருத்திதான்.

மச்சான் ஒரு மௌலவியிடம் போனார். அச்சடித்த தாள்களையும் கொண்டுபோனாராம். மௌலவி தாள்களைப் பார்க்கவில்லை, அவரது முகத்தைப் பார்த்து ஆறுதலாகத்தான் கதைத்திருக்கிறார். அவவுக்குத் தெரியாது, அதனால் குற்றமில்லை. நோன்பு கூடிவிட்டது என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். நாம் பின்பற்றுகிற மார்க்கச் சட்ட வழியில், களாச் செய்ய, அதாவது திரும்பப் பிடிக்க, ஐந்து மாதம் சுகமாக இருந்து அதற்குள் மௌத்தானதால், ஒரு நோன்புக்கு ஒரு முத்து, அதாவது இரு கை நிறைய, அரிசி வீதம் ஏழைகளுக்குக் கொடுத்தால் போதும். அல்லது மௌத்தானவரின் உறவினர் அவருக்காக நோன்பு பிடிக்கலாம். நான் பிடிக்கிறேன் என்றிருக்கிறார் மச்சான். மௌலவி கொஞ்சம் தயங்கி, மார்க்கக் கிதாபில் உறவினர் என்பது இரத்த உறவு, கணவன் அதில் சேரமாட்டார் என்று சொல்லியிருக்கிறார். வேறு ஆள் பிடிப்பதானால் உறவினர் ஒருவரின் உத்தரவு வேண்டும். இரத்த உறவில் யார் இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார்.

அன்று மாலை மச்சான் என்னை அழைத்தார். வீட்டுக்குள் நடந்துகொண்டே கதைக்கிறார் என்று தெரிந்தது. குசினி, முன்கூடம், திரும்பக் குசினி.

"நீதான் உத்தரவு தரணும்" என்றார். "நான் அவவுக்கு உறவுக்காரன் இல்லியாம்."

கலியாணமாகி முப்பத்திரண்டு வருடம். நான் கணக்குப் பார்த்தேன். பார்த்து என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் இரத்தம், நானே பிடிக்கிறேன் என்றேன். பாதியாவது என்றேன். மணிக்கூட்டை அனுப்பியவன் நான், அன்று தலையாட்டியவனும் நான் என்றும் சொன்னேன்.

"நீ அனுப்பின. அவ தென்னையக் காட்டிக் கேட்டது என்னட்ட. குடி எண்டு சொன்னது நான்" என்றார். "ஐம்பத்தொன்பதும் எனக்கு வேணும். உத்தரவு தா."

"தந்தன் மச்சான்" என்றேன்.

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

அவர் மணிக்கூட்டைத் திருத்திவிட்டார். ஒரே ஒரு சொல்தான் மாற்ற வேண்டியிருந்தது, முழு எண் என்ற இடத்தில் தச எண். திருத்திய நிரலை மூன்று கம்பி வழியாக உள்ளே ஏற்றினார். திருத்தத்தைக் கம்பனிக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். அடுத்த பதிப்பில் கவனிப்பதாக எழுதினார்கள். அந்த ஏழெட்டு வீட்டுக்கும் அவரே போய்த் திருத்திக் கொடுத்தார். என்ன பிழை என்று கேட்டவர்களுக்கு, மஃரிப் கொஞ்சம் முந்துது என்று மட்டும் சொன்னாராம்.

நேற்றோடு முப்பத்தொரு நோன்பு முடிந்தது. நோன்பு மாதம் இல்லாததால் பள்ளியில் கஞ்சி இல்லை, மச்சான் வீட்டில்தான் திறக்கிறார். அந்த நேரம் டோஹாவில் மூன்றரை மணி. நான் அலுவலகப் படிக்கட்டில் நின்று அழைப்பேன். அவர் போனை ஜன்னலோடு சாய்த்து வைப்பார். பேரீச்சம்பழமும் ஒரு கோப்பைத் தண்ணீரும் தெரியும். மேலே விளக்கும் தெரியும். கோப்பை ராத்தாவுடையது. அதை நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

நேற்று விளக்கு எரிந்தது. மணிக்கூட்டின் நேரத்தை நான் என் போனில் சரிபார்த்தேன். செக்கனுக்குச் சரியாக இருந்தது. மச்சான் கோப்பையைத் தொடவில்லை. கழுத்தை நீட்டி வெளியே பார்த்தார். மழை மூட்டம், ஜன்னலால் தென்னை சரியாகத் தெரியவில்லை போலும்.

"அன்னப்பிள்ள" என்று வேலிப் பக்கம் குரல் கொடுத்தார். "வெயில் போயிட்டா?"

பதில் வருமுன் விளக்கு அணைந்தது.

"மழைக்குள்ள வெயில் எங்க காக்கா? நான் விளக்கு வெச்சிட்டன். குடிங்க" என்றது அன்னப்பிள்ளையின் குரல்.

அவர் பிஸ்மி சொல்லிக் கோப்பையை எடுத்தார். குடித்து முடித்துக் கீழே வைத்தபோதுதான் பள்ளியில் பாங்கு தொடங்கியது. இன்னும் இருபத்தெட்டு இருக்கு என்றார். ஓம் என்றேன்.